பூச்சியம் முதல் மைனஸ் முப்பது வரை

குளிரைக் காட்டிப் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்கும் மாதமா பெப்ரவரி? வெப்பமானி காட்டும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. வெளியே போகவே முடியாத நாளுக்குச் சிவப்புத் தாளும் கத்தரிக்கோலும் இருக்கின்றன.

ரொறன்ரோவில் தைப்பொங்கல் முடிந்த கையோடு வீடுகளில் ஒரு சோர்வு வந்து குந்திவிடும். நத்தார் விளக்குகளைக் கழற்றியாயிற்று, விருந்துகள் ஓய்ந்தாயிற்று. மார்ச் விடுமுறைக்கோ இன்னும் பல வாரங்கள் கிடக்கின்றன. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை சப்பாத்தைக் கழற்றிய மறுகணமே ஐபேட்டைத் தேடுகிறது. நாமும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். கேட்டால், "வெளியில குளிர்" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது.

எந்தக் குளிர் என்று யாரும் கேட்பதில்லை. தெற்கு ஒன்ராறியோவின் பெப்ரவரி ஒரே வாரத்துக்குள் பூச்சியத்துக்கு மேலே ஏறும், மைனஸ் இருபதுக்கும் இறங்கும். பூச்சியத்தில் விழும் பனியும் மைனஸ் பதினைந்தில் விழும் பனியும் கையில் பிடித்தால் வேறு வேறு பொருட்கள். ஒன்றில் செய்யக்கூடியதை மற்றதில் செய்ய முடியாது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித்தராமலே தெரியும். வெயில் ஊரிலிருந்து வந்த நாம் கொஞ்சம் படிக்கத்தான் வேண்டும்.

நாட்காட்டியும் நமக்கு வசதியாகவே அமைந்திருக்கிறது. 14ஆம் தேதி பள்ளிக்கூடங்களில் வலன்டைன் அட்டைகள் கைமாறும். மூன்றாவது திங்கட்கிழமை குடும்ப தினம். அல்பேர்ட்டா மாகாணம் 1990இல் தொடங்கிய இந்த விடுமுறை ஒன்ராறியோவுக்கு 2008இல்தான் வந்தது. மன்னர் பிறந்தநாளோ சமயத் திருநாளோ இல்லை; புதுவருடத்துக்கும் பெரிய வெள்ளிக்கும் இடையில் நீண்டு கிடந்த வேலை நாட்களுக்கு நடுவே வீட்டாருக்கென்று ஒதுக்கிய ஒரு நாள். கடையிலும் தொழிற்சாலையிலும் ஷிப்ட் பார்க்கும் பெற்றோர் பலருக்கு அந்த நாளும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஆகவே இங்கே சொல்லப்போகும் பெரும்பாலானவை அரை மணி நேரம் கிடைத்தால் போதுமானவை.

பூச்சியத்தை ஒட்டி: பிடிக்கும் பனி

வெளியே போனதும் ஒரு பிடி பனியை அள்ளிக் கையுறைக்குள் வைத்து நசுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் அன்று பனி மனிதனுக்கு நல்ல நாள். பொலபொலவென்று கொட்டினால் வேறு வேலை பாருங்கள். பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில் பனித்துகள்களின் மேல் மெல்லிய ஈரம் இருக்கும். துகளோடு துகளை ஒட்டவைப்பது அந்த ஈரம்தான். கடுங்குளிரில் அது இல்லாததால், எவ்வளவு அழுத்தினாலும் பனி தூளாகவே உதிரும். இதைத் தெரியாமல் மைனஸ் பன்னிரண்டில் பனி மனிதன் செய்யப் புறப்பட்டு, பிள்ளையும் அழுது நாமும் எரிச்சல்பட்டு உள்ளே வருவதுதான் வழக்கம்.

பெரிய உருண்டையை அது நிற்க வேண்டிய இடத்தை நோக்கியே உருட்டிச் செல்லுங்கள். உருட்டி முடித்த பின் நகர்த்த முடியாது. இரண்டாவது உருண்டை நீங்கள் தூக்கக்கூடிய அளவில் இருக்கட்டும். மூன்றாவதைப் பிள்ளை தூக்கும் அளவில் விடுங்கள். தலையை வைக்கும் உரிமை அதற்கே.

இதே நாளில் செய்யக்கூடிய இன்னொன்று பனியில் ஓவியம். ஸ்ப்ரே போத்தலில் குளிர்ந்த நீர் நிரப்பி, கேக்குக்குப் போடும் கலரிங் சில துளி விட்டுக் குலுக்கிக் கொடுத்தால் முற்றம் முழுவதும் பிள்ளைக்குத் தாள்தான். தமிழ் வகுப்பில் எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளை இங்கே ஆளுயரத்துக்கு ஓர் 'அ' எழுதும், பக்கத்தில் ஓர் 'ஆ'வும் எழுதும். சிவப்புக் கலரிங் வெளிர்நிற ஜாக்கெட்டில் பட்டால் இலேசில் போகாது. பழைய ஜாக்கெட்டைப் போட்டு அனுப்புங்கள்.

மைனஸ் ஐந்து, மைனஸ் பத்து: வழுக்கும் நாட்கள்

சறுக்குவதற்கு இதைவிட நல்ல குளிர் கிடையாது. ரொறன்ரோ மாநகர மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் இலவசமாக ஸ்கேட்டிங் செய்யலாம். ஸ்கேட்ஸ் இல்லாதவர்கள் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். கார்டினர் நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் 2018இல் திறந்த பென்ட்வே தடம் வளைந்து வளைந்து ஓடும்; காற்றும் குறைவு. அவ்வளவு தூரம் போக வேண்டுமென்றும் இல்லை. நகரசபையின் வெளிப்புற ஸ்கேட்டிங் திடல்கள் ஸ்காபரோ உட்பட நகரெங்கும் இருக்கின்றன.

புதிதாகப் பழகும் பிள்ளைக்கு ஹொக்கி ஹெல்மெட் கட்டாயம். சைக்கிள் ஹெல்மெட் பின்னந்தலையைப் போதுமான அளவு மறைக்காது. முதல் பாடம் ஓடுவதல்ல, விழுவதும் எழும்புவதும். முழங்காலில் நின்று, ஒரு காலை முன்னால் ஊன்றி, இரு கையாலும் அந்த முழங்காலை அழுத்தி எழும்பப் பழக்கிவிட்டால் மிச்சத்தைப் பிள்ளை தானே கற்றுக்கொள்ளும். அப்பாவும் ஸ்கேட்ஸ் கட்டிக்கொண்டு இறங்கினால் இன்னும் நல்லது. எல்லாம் தெரிந்த பெரியவர் தன்னைவிட மோசமாக விழுவதைப் பார்க்கும் சந்தோஷம் பிள்ளைக்கு வேறெங்கும் கிடைக்காது.

ஒரு வார இறுதியை ஒதுக்க முடிந்தவர்கள் ஒட்டாவாவுக்குப் போகலாம். 1979 முதல் பெப்ரவரியில் நடந்துவரும் வின்டர்லூட் விழாவில் பனிச்சிற்பங்களைப் பார்க்கலாம். அங்கே றீடோ கால்வாய் உறைந்து 7.8 கிலோமீற்றர் நீள ஸ்கேட்டிங் பாதையாகிவிடும். 1971இலிருந்து மக்கள் அதில் சறுக்குகிறார்கள். களைத்த பிள்ளைகளுக்குக் கறுவாத்தூளும் சீனியும் தூவிய பீவர்டெயில் என்ற பொரித்த பண்டம் கால்வாயிலேயே விற்பனைக்கு இருக்கும். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தடிப்பில் நல்ல பனிக்கட்டி உருவானால்தான் பாதையைத் திறப்பார்கள். 2022-23 குளிர்காலத்தில் அது நடக்கவேயில்லை. அந்த ஆண்டு முதல் தடவையாகப் பாதை முழுக்காலமும் மூடியே கிடந்தது. ஆகவே புறப்படுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பனிக்கட்டி விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். குடியிருப்புகளுக்கு நடுவே மழைநீர் வடியக் கட்டிய குளங்கள் பார்வைக்கு உறைந்தே கிடக்கும். அடியில் நீர் ஏறி இறங்கும், வீதியில் போட்ட உப்பும் வந்து கலக்கும். மேலே இருக்கும் பனிக்கட்டியை நம்பவே கூடாது. பிள்ளை கேட்டாலும் அதன்மேல் கால் வைக்க விடாதீர்கள்.

சறுக்குப் பலகைக்கும் இடம் பார்க்க வேண்டும். மரம், வேலி, வீதி இல்லாமல் அடிவாரத்தில் நீண்ட சமதளம் இருக்கும் மேடுதான் பாதுகாப்பானது. ரொறன்ரோ நகரசபை 2024இல் 45 மேடுகளில் சறுக்கத் தடை போட்டது; வழமையான மேட்டில் அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து கால் முன்னால் நீட்டிப் போவதே முறை. குப்புறப் படுத்துத் தலை முன்னால் போகக் கூடாது.

உடுப்பு சரியென்றால் பாதி வேலை முடிந்தது

- உடலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் மெல்லிய உடுப்பு, அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட், ஸ்னோ பான்ட்ஸ். பருத்தி பெனியன் வியர்வையில் நனைந்து உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே அது வேண்டாம்.
- விரல் பிரித்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை சூடு. ஒரு சோடி நனைந்தால் மாற்ற இன்னொரு சோடி பையில் இருக்கட்டும்.
- சின்னப் பிள்ளைக்கு நீண்ட ஸ்காஃப் கட்டாதீர்கள். விளையாட்டுத் திடலில் எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கக்கூடும். தலைவழியே மாட்டும் கழுத்துறை நல்லது.
- காரில் இருக்கைப் பட்டி கட்டும்போது தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். பட்டி இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும், மோதலில் ஜாக்கெட் அமுங்கியதும் தளர்ந்துவிடும். பட்டியைக் கட்டிய பின் ஜாக்கெட்டை மேலே போர்த்தலாம்.

மைனஸ் பதினைந்து: அறுகோண வேட்டை

பலர் கதவைச் சாத்திக்கொள்ளும் இந்தக் குளிரில்தான் சில அற்புதங்கள் நடக்கும். பதினைந்து நிமிடம் வெளியே நின்றால் போதும்.

முதலாவது, உறையும் குமிழி. ஒரு கப் இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டரை மேசைக்கரண்டி, கோர்ன் சிரப் இரண்டரை மேசைக்கரண்டி, சீனி இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் கரைத்து, ஃபிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிரவிடுங்கள். காற்று அசையாத காலை நேரமே இதற்கு ஏற்றது. குமிழியை ஊதிக் காற்றில் விடாமல் பனியின் மேல் மெதுவாக இறக்குங்கள். சில விநாடிகளில் அடியிலிருந்து இறகுபோன்ற கோடுகள் கிளம்பி, படர்ந்து, ஒன்றையொன்று தொட்டு, முழுக் குமிழியும் கண்ணாடியாகிவிடும். விரலால் தொட்டால் நொறுங்கும். பிள்ளை நிச்சயம் தொடும், இன்னொன்று ஊதிக்கொடுங்கள்.

இரண்டாவது, பனிப்பூ பிடிப்பது. கறுப்புத் துணி ஒன்றையும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியையும் அரை மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்துக் குளிரவிடுங்கள். சூடான துணியில் விழுந்தால் பனிப்பூ உருகிவிடும். மேகத்தில் மைனஸ் பதினைந்தை ஒட்டிய வெப்பநிலை இருக்கும்போதுதான் கிளை விரித்த அழகான பனிப்பூக்கள் உருவாகின்றன. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆறு கை. உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோண வலையாக அடுக்கிக்கொள்வதால் வந்த ஆறு அது.

இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் வெர்மோன்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரின் விவசாயி வில்சன் பென்ட்லி. கமெராவை நுண்ணோக்கியோடு பொருத்தி 1885 ஜனவரியில் தனியொரு பனிப்பூவைப் படம்பிடித்தார். பிறகு ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். அவர் சேர்த்த படங்கள் 1931இல் நூலாக வெளிவந்தன; அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

உள்ளே வந்ததும் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிடலாம். கடதாசியில் பனிப்பூ வெட்டும்போது பெரும்பாலானோர் பாதி, பாதி, மறுபடி பாதி என்று மடித்து எட்டுக் கை வரவைத்துவிடுகிறார்கள். ஆறு வர வேண்டுமென்றால் சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியை அடையாளமிட்டு, அந்தப் புள்ளியை மையமாக வைத்து இடப்புறத்தையும் வலப்புறத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சம பங்காக மடியுங்கள். பின் இன்னொரு தடவை பாதியாக மடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் வால்களை வெட்டிவிடுங்கள். தாள் பன்னிரண்டு மடிப்பாகிவிடும் என்பதால் மெல்லிய தாள் எடுக்க வேண்டும். தடித்தது சின்னக் கைகளுக்கு வெட்டுப்படாது.

மைனஸ் முப்பது: மேசைக்கு வாருங்கள்

காற்றுக் குளிர் அளவு மைனஸ் 28க்கும் 39க்கும் இடையில் இருந்தால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று கனடியச் சுற்றுச்சூழல் துறை எச்சரிக்கிறது. அன்றைக்குப் பேச்சே வேண்டாம். ஆளுக்கொரு கோப்பை கொத்தமல்லித் தண்ணியோ சூடான சொக்லேட்டோ ஊற்றிவைத்துவிட்டு, மேசையில் சிவப்புத் தாளை விரியுங்கள். வலன்டைன் அட்டை செய்ய வேண்டிய நாட்களும் இவைதான்.

காதலர் தினத்துக்குச் சின்னப் பிள்ளை அட்டை கொண்டுபோவதா என்று முகம் சுளிக்கும் அம்மம்மாக்கள், அப்பப்பாக்கள் நம் வீடுகளில் உண்டு. இங்குள்ள ஆரம்பப் பள்ளிகளில் நடப்பது என்னவென்று ஒருமுறை பார்த்துவிட்டால் அவர்களே பசை தடவ உட்கார்ந்துவிடுவார்கள். பல ஆசிரியர்கள் வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதிய ஒரு பட்டியலை வீட்டுக்கு அனுப்புவார்கள். கொடுத்தால் அத்தனை பேருக்கும் கொடுக்க வேண்டும். நெருங்கிய நண்பிக்கு மட்டும் என்று ஒன்று கிடையாது. சண்டை போட்ட பையனுக்கும் உண்டு, போன வாரம் வந்து சேர்ந்த பிள்ளைக்கும் உண்டு. அட்டையே வராத பிள்ளையின் நிலை என்ன என்பதைச் சார்ல்ஸ் ஷூல்ஸ் வரைந்த கார்ட்டூன் சிறுவன் சார்லி பிரவுன் வட அமெரிக்காவுக்கே காட்டியிருக்கிறான். 1975இல் தொலைக்காட்சியில் வந்த வலன்டைன் சிறப்புப் படத்தில் அவன் பெட்டி வெறுமையாகவே இருக்கும். பார்த்த பிள்ளைகள் பொறுக்கமாட்டாமல் அவனுக்கென்று நிஜ அட்டைகளை அனுப்பிவைத்தார்கள்.

எல்லாப் பள்ளிகளும் ஒரே மாதிரி இல்லை. சில வகுப்புகளில் அதை நட்பு நாளாக வைக்கிறார்கள், சிலவற்றில் சிவப்பு, ரோசா நிற உடுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதலில் ஆசிரியரைக் கேட்டுவிடுங்கள்.

இருபதுக்கு மேற்பட்ட அட்டை என்றதும் டொலர் கடைக்கு ஓடத் தோன்றும். அதற்கு முன் எஸ்தர் ஹவ்லண்டைக் கேளுங்கள். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் எழுதுபொருள் கடைக்காரர் ஒருவரின் மகள். 1847இல் படிப்பை முடித்து வீட்டுக்கு வந்தவர், இங்கிலாந்திலிருந்து வந்த சரிகைத்தாள் வலன்டைன் ஒன்றைப் பார்த்து, இதை நானே செய்வேனே என்று இறங்கினார். மாதிரிகளை எடுத்துக்கொண்டு வியாபாரப் பயணம் போன அண்ணன் ஐயாயிரம் டொலருக்கு ஓடருடன் திரும்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவ்வளவையும் தனியே செய்ய முடியாதே! தோழிகளை மேசையைச் சுற்றி உட்காரவைத்தார். ஒருவர் வெட்ட, அடுத்தவர் படம் ஒட்ட, மற்றவர் சரிகை வைக்க, அட்டை கைக்குக் கை நகர்ந்தது.

அந்த மேசையை உங்கள் வீட்டில் போடுங்கள். நான்கு வயதுக்குப் பசை தடவும் வேலை. எட்டு வயதுக்கு வெட்டும் வேலை. அம்மம்மாவுக்கு மடிக்கும் வேலை. பட்டியலில் பெயர் எழுதுவது மட்டும் பள்ளிக்குப் போகிற பிள்ளையே செய்யட்டும். ஓர் இரவுக்கு ஐந்து பெயர் போதும். ஸ்காபரோ வகுப்பொன்றின் பட்டியலில் தமிழ், சீன, பிலிப்பினோ, சோமாலி, ஆப்கான் பெயர்கள் அடுத்தடுத்து வரும். எழுத்துப் பிழையில்லாமல் ஒவ்வொன்றையும் பார்த்து எழுதும்போது பக்கத்து மேசைப் பிள்ளையின் முழுப்பெயரே பலருக்கு முதல் தடவையாகத் தெரியவருகிறது. நீண்ட தமிழ்ப் பெயர் வைத்த பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை 'அனுப்புவது' என்ற இடத்தில் அதை இருபது தடவை எழுத வேண்டும். பொறுமையாக இருங்கள்.

செய்துபார்க்க இரண்டு.

பின்னல் இதயம். டென்மார்க்கில் நத்தார் மரத்தில் தொங்கவிடும் கடதாசிக் கூடை இது. கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் 1860இல் செய்த ஒன்று இன்றும் ஓடென்ஸேயில் பாதுகாக்கப்படுகிறது. சிவப்பிலும் வெள்ளையிலும் 8க்கு 24 சென்ரிமீற்றர் அளவில் ஒவ்வொரு தாள் எடுத்து, நீளத்தைப் பாதியாக மடியுங்கள். மடிப்பு இல்லாத நுனியை அரைவட்டமாக வெட்டுங்கள். மடிப்புப் பக்கமிருந்து உள்நோக்கி எட்டரை சென்ரிமீற்றர் நீளத்துக்கு, சம இடைவெளியில் இரண்டு வெட்டு. இப்போது ஒவ்வொன்றிலும் மூன்று பட்டி இருக்கும். இரண்டையும் செங்கோணமாகப் பிடித்துக்கொண்டு, சிவப்பின் முதல் பட்டியை வெள்ளையின் முதல் பட்டிக்கு உள்ளே புகுத்தி, இரண்டாவதைச் சுற்றி, மூன்றாவதற்கு உள்ளே விடுங்கள். அடுத்த சிவப்புப் பட்டியை இதற்கு மாறாகப் பின்னுங்கள். மூன்றாவது முதலாவதைப் போல. முடித்துக் கையில் எடுத்து விரித்தால் வாய் திறந்த இதயப் பை. பெயர் எழுதிய துண்டை உள்ளே போடலாம். யாழ்ப்பாணத்தில் பனையோலைப் பெட்டி இழைத்துப் பழகிய கைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த விளக்கமெல்லாம் தேவைப்படாது. ஒன்றைப் பார்த்தாலே அடுத்ததை இழைத்துவிடும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் அந்தக் கைகளிடமே விடுங்கள்.

கிரேயோன் இதயம். ஒவ்வொரு வீட்டிலும் உடைந்த கிரேயோன் துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கும். இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்தால் மேல்தாள் கழன்றுவிடும். துடைத்துச் சிறு துண்டுகளாக்கி, இதய வடிவ சிலிக்கோன் அச்சில் நிறம் கலந்து நிரப்பி, 110 பாகை செல்சியஸ் அவனில் ஏறத்தாழ 15 நிமிடம் வையுங்கள். உருகியதும் பெரியவர் எடுத்து ஆறவிட வேண்டும். அட்டையில் ஒட்டிக் கொடுத்தால் இனிப்புக்குப் பதில் நிறம்.

இனிப்பு வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கடுமையான ஒவ்வாமையால் 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்ததை அடுத்து, ஒன்ராறியோ சட்டமன்றம் 2005இல் சப்ரினா சட்டத்தை நிறைவேற்றியது. ஒவ்வொரு பள்ளிச் சபையும் இதற்கென ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். கச்சானும் கஜூவும் பட்ட எதையும் பல பள்ளிகள் வாசலிலேயே நிறுத்திவிடும்.

யன்னலுக்கு வெளியே

கச்சானுக்கு வேறு வாடிக்கையாளர் உண்டு. வீட்டில் யாருக்கும் ஒவ்வாமை இல்லையென்றால், பைன் காய் ஒன்றில் கச்சான் பட்டர் பூசி, சூரியகாந்தி விதையில் புரட்டி, கம்பளி நூல் கட்டி வெளியே தொங்கவிடுங்கள். கார்டினல், சிக்கடி, நீல ஜே போன்ற பறவைகள் இந்தக் குளிரிலும் ஊரைவிட்டுப் போவதில்லை. வெள்ளைப் பின்னணியில் ஆண் கார்டினலின் சிவப்பு, எந்த வலன்டைன் அட்டையையும் தோற்கடிக்கும்.

வந்தவற்றை எண்ணி அனுப்பவும் ஒரு வழி இருக்கிறது. கோர்னெல் பறவையியல் ஆய்வகமும் ஓடுபொன் சங்கமும் 1998இல் தொடங்கிய பெருங் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு, குடும்ப தின வார இறுதியோடு சேர்ந்த நான்கு நாட்களில் நடக்கும். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்திலிருந்து பார்த்துக் கண்ட பறவைகளைப் பதிவு செய்தால் போதும். 2013இலிருந்து உலகெங்கும் விரிந்த இதில் தமிழ்நாட்டவரும் பங்கெடுக்கிறார்கள். அங்கே 2015 முதல் பொங்கல் நாட்களில் தனியே ஒரு பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. சென்னையில் ஒன்றுவிட்ட தம்பி மீன்கொத்தியை எண்ண, இங்கே அக்கா மரங்கொத்தியை எண்ணலாம். வாரக்கடைசி வாட்ஸ்அப் அழைப்பில் பேச ஒரு விஷயமாவது கிடைக்கும்.

மாதம் முடியும் தறுவாயில் பகலில் பூச்சியத்துக்கு மேலேயும் இரவில் கீழேயும் வெப்பநிலை ஊசலாடத் தொடங்கும். மேப்பிள் மரத்தில் சாறு ஓடும் காலம் அது. ஏறத்தாழ 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. கடையில் வாங்கிய மேப்பிள் பாணியை 114 பாகை செல்சியஸ் வரை கொதிக்கவைத்து, புதிதாக விழுந்த சுத்தமான பனியில் கோடாக ஊற்றினால் இறுகி மிட்டாயாகும். குச்சியில் சுற்றித் தின்னலாம். கொதிக்கும் பாணியைப் பெரியவர்தான் ஊற்ற வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிள்ளை தூங்கிய பிறகு கோணலாக வெட்டிய இதயங்களை எடுத்துத் திருத்தி ஒட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கவினாக இருக்கட்டும், வகுப்பில் நம் பிள்ளையின் அட்டை எடுப்பாக இருக்கட்டும் என்ற ஆசை. விட்டுவிடுங்கள். அந்த அட்டையை வாங்கப்போகிற ஆறு வயதுக்காரருக்கு அது ஒரு ஆறு வயதுக்காரர் செய்தது என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.